எடைக்குறைப்பு அறுவைக்கு முன் வீட்டில் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும்? சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு ஸ்லீவ் அறுவை நடந்தது. இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை எடுத்துவிட்டு, மீதியை ஒரு வாழைக்காய் அளவுக்கு ஒல்லியான குழாயாக்கிவிடும் முறை அது. அடுத்த வருடம் என் சித்தி மகள் இரைப்பை பைபாஸ் செய்துகொண்டாள், அதாவது இரைப்பையின் மேல்பகுதியில் ஒரு சின்னப் பையை மட்டும் விட்டு, அதை நேரே குடலோடு இணைக்கும் முறை. அவளைப் பார்த்துக்கொள்ள பத்து நாள் அவள் வீட்டிலேயே தங்கினேன். அதிலிருந்து, அறுவைக்குத் தேதி கிடைத்த சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் "என்னக்கா வாங்கி வைக்கணும்?" என்று கேட்பது நிற்கவே இல்லை. அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் மருத்துவமனை கொடுக்கும் தாளில் வேறு மாதிரி இருந்தால் அந்தத் தாளின்படியே நடந்துகொள்ளுங்கள்.

எவ்வளவோ பொருள் சொல்கிறார்கள். உண்மையில் எதெல்லாம் தேவை?

வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரம் உங்களுக்கு மூன்றே வேலைதான்: கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது, அடிக்கடி எழுந்து நடப்பது, சாய்ந்து படுத்துத் தூங்குவது. கையில் எடுக்கும் பொருள் இந்த மூன்றில் ஒன்றுக்கு உதவுமா என்று பாருங்கள். உதவினால் வாங்குங்கள், இல்லாவிட்டால் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

அறுவைக்கு முன் எனக்குப் பயம் அதிகம். பயத்தில் கண்டதையெல்லாம் வாங்கினேன். இரண்டு பெரிய டப்பா சாக்லேட் புரதப் பவுடர், விதவிதமான ஷேக்கர், தட்டு, கரண்டி என்று மேசை நிறைந்தது. வீட்டுக்கு வந்த முதல் இரவு இரண்டு மணிக்கு வாய் வறண்டு விழித்தபோது கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வாய்த் தண்ணீர் இல்லை. எழுந்து சமையலறை வரை போக வயிறு இழுத்தது. பொருள் எத்தனை இருக்கிறது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அதனால் அறுவைக்கு முதல் நாள் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் படுக்கப் போகும் இடத்தில் சாய்ந்து உட்கார்ந்து, வலது கையை நீட்டிப் பாருங்கள். அந்தக் கை எட்டும் இடத்தில் ஒரு சின்ன மேசையோ ஸ்டூலோ போட்டு, தண்ணீர், மருந்து, கைபேசி சார்ஜர், டிஷ்யூ, உதட்டுக்கு வாசலின், வாந்தி வந்தால் பிடிக்க ஒரு சின்னக் கிண்ணம் ஆகியவற்றை வையுங்கள். ஏர்கான் போட்ட அறையில் உதடு வெடிக்கும், வாசலினை மறக்காதீர்கள்.

தண்ணீர் குடிக்கக்கூடத் தயாரிப்பு வேண்டுமா?

வேண்டும். முன்பு ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்திருப்பீர்கள். இனி அது முடியாது. ஸ்லீவ் செய்த இரைப்பை சுமார் 100 முதல் 150 மில்லிதான் கொள்ளும், பைபாஸில் மேலே விடும் பை அதைவிடவும் சிறியது, சுமார் 30 மில்லி. போதாததற்கு முதல் நாட்களில் உள்ளே வீக்கம் வேறு இருக்கும். ஆனால் உடம்புக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் திரவம் போயாக வேண்டும். மருந்தோடு கொடுக்கும் 30 மில்லி பிளாஸ்டிக் கப்பை வைத்து நான் கணக்குப் போட்டேன். கால் மணிக்கு ஒரு கப் என்றால் மணிக்கு 120 மில்லி. காலை ஏழிலிருந்து இரவு ஒன்பது வரை 14 மணி நேரத்துக்கு 1,680 மில்லி. சரி, வந்துவிட்டது. ஆனால் நடுவில் இரண்டு மணி நேரம் அசந்து தூங்கினால் கணக்கு தவறிவிடும். கைபேசியில் கால் மணிக்கொரு மணி அடிக்க வைத்தேன். முதல் இரண்டு மூன்று நாள் அந்த அளவை எட்ட முடியாமல் போகலாம், நாளுக்கு நாள் கூடும்.

அந்தச் சின்ன கப்பை நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடையிலேயே கிடைக்கும். குழந்தைக்குப் பால் புகட்டிய பாலாடை வீட்டில் இருந்தால் அதுவும் ஆகும், நான் என் மகளுடைய பாலாடையில்தான் ரசம் குடித்தேன். ஸ்ட்ரா வேண்டாம் என்றுதான் பல மருத்துவமனைகளில் சொல்வார்கள், உறிஞ்சும்போது காற்றும் உள்ளே போகும், வேகமும் கூடிவிடும். ஒரு நல்ல ஃபிளாஸ்க் கட்டாயம் வேண்டும். குளிர்ந்த தண்ணீர் சிலருக்கு நெஞ்சில் பிடித்துக்கொண்டதுபோல் இருக்கும், அவர்களுக்கு வெதுவெதுப்பான நீர்தான் இறங்கும். சிலருக்கு நேர்மாறாக ஐஸ் துண்டுதான் இதமாக இருக்கும். இரண்டுக்கும் வழி செய்து வையுங்கள்.

100 பிளஸ் குடித்தால் தெம்பு வரும் என்கிறார்களே?

நம்மூரில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் நீட்டுவது 100 பிளஸ். அதில் வாயு இருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது. இரண்டுமே இப்போது ஆகாது. சோடா கலந்த எதுவும் வேண்டாம். தண்ணீரில் போட்டால் நுரைக்கும் வைட்டமின் மாத்திரையும் இதில் சேர்த்திதான். மைலோ, ஹார்லிக்ஸ், பழச்சாறு எல்லாம் சர்க்கரை. பைபாஸ் செய்தவர்களுக்குச் சர்க்கரை சட்டென்று குடலில் இறங்கினால் படபடப்பும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் வந்து ஆளையே சாய்த்துவிடும். இளநீரில்கூட இயற்கையான இனிப்பு உண்டு, எப்போது, எவ்வளவு குடிக்கலாம் என்று உணவு ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

புரதப் பவுடர் எத்தனை டப்பா வாங்க?

ஒன்றும் வாங்காதீர்கள், பெரிய டப்பாவாக. அறுவைக்குப் பிறகு நாக்கும் மூக்கும் மாறிவிடும். முன்பு பிடித்த இனிப்பு இப்போது குமட்டும். நான் வாங்கிய சாக்லேட் பவுடரை மூடி திறக்கும்போதே வயிறு புரட்டியது. ஒரு வேளைக்கான சிறு பொட்டலங்களாக மூன்று நான்கு சுவை வாங்கி வைத்துக்கொண்டு, எது ஒத்துக்கொள்கிறது என்று பார்த்த பிறகு டப்பாவுக்குப் போங்கள். சுவையே இல்லாத ஒரு பவுடரும் கையில் இருக்கட்டும், அதை ரசத்திலும் பாலிலும் மோரிலும் கலக்கலாம். ஆனால் கொதிக்கக் கொதிக்க இருக்கும் ரசத்தில் வே பவுடரை (பாலிலிருந்து எடுக்கும் புரதம்) கொட்டினால் முட்டை திரிந்ததுபோல் கட்டி கட்டியாகிவிடும். முதலில் கொஞ்சம் ஆறிய நீரில் கரைத்துக்கொண்டு, கை பொறுக்கும் சூட்டில் இருக்கும் ரசத்தில் ஊற்றுங்கள்.

பெரும்பாலும் நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் எடுக்கச் சொல்வார்கள். ஒரு கரண்டி பவுடரில் 20 முதல் 25 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம், 200 மில்லி கொழுப்பு நீக்கிய பாலில் 7 கிராம், நூறு கிராம் மெதுவான தௌஃபுவில் சுமார் 5 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்றால் ஐசோலேட் என்று எழுதிய பவுடரைப் பாருங்கள், அதில் பால் சர்க்கரை மிகக் குறைவு.

நாங்கள் சைவம். மாத்திரை, பவுடரிலெல்லாம் அசைவம் இருக்குமா?

இருக்கலாம், அதனால் இதை அறுவைக்கு முன்பே விசாரித்துவிடுவது நல்லது. ஜெல்லி போன்ற உறைக்குள் இருக்கும் மாத்திரைகளில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும், அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது. மென்று தின்னும் மிட்டாய் வடிவ வைட்டமின்களும் அப்படித்தான். ஹலால் பார்ப்பவர்களுக்கும் இதே கவலை உண்டு. மருந்தாளரிடம் வெளிப்படையாகச் சொன்னால் வேறு வடிவில் இருப்பதைத் தேடித் தருவார். கொலாஜன் பவுடர் என்று விற்பதும் விலங்கின் தோலிலும் எலும்பிலும் மீனிலும் இருந்து வருவதுதான். அதோடு, உடம்புக்குத் தேவையான அமினோ அமிலங்களில் ஒன்று அதில் இல்லவே இல்லை, அதனால் அதை மட்டும் நம்பிப் புரதக் கணக்குப் போடக் கூடாது. பால் சேர்த்துக்கொள்ளும் சைவர்களுக்கு வே பவுடர் ஆகும், அதுவும் வேண்டாதவர்களுக்குச் சோயா பவுடர் இருக்கிறது.

மிக்ஸி, பிளெண்டர் புதிதாக வாங்க வேண்டுமா?

உங்கள் மிக்ஸியின் சட்னி ஜாரே போதும். இதற்கென்று விற்கும் சின்ன பிளெண்டர்களைவிட அது நன்றாக அரைக்கும். அதோடு ஒரு மெல்லிய வடிகட்டி, ஐஸ் தட்டு இரண்டு, டீஸ்பூனைவிடச் சின்னதான குழந்தைக் கரண்டி, மூடி போட்ட சின்ன டப்பாக்கள் பத்து. அவ்வளவுதான்.

சாப்பாடு பொதுவாகப் படிப்படியாக மாறும். முதல் சில நாள் தெளிந்த நீர், பிறகு பால், மோர் போன்ற திரவம், இரண்டாவது வாரத்துக்குப் பிறகு மசித்தது, நான்காவது வாரத்தை ஒட்டி மெதுவான உணவு. எந்த வாரம் எது என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். திரவ வாரங்களுக்கு ரசத்தை நான் முன்கூட்டியே செய்து உறைய வைத்தேன். புளியையும் மிளகாயையும் நன்றாகக் குறைத்து, சீரகம் மிளகு வாசனைக்கு மட்டும் போட்டு, வடிகட்டி, ஐஸ் தட்டில் ஊற்றினேன். ஒரு கட்டி ஏறக்குறைய ஒரு மருந்துக் கப் அளவு வரும். கோழி சூப்பையும் அப்படியே செய்யலாம், மேலே படியும் கொழுப்பை எடுத்துவிட வேண்டும்.

பருப்புத் தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "பருப்புத் தண்ணி குடுத்தேனே, அதுல புரதம் இருக்குமே" என்று வீட்டில் நினைப்பார்கள். வடித்த தண்ணீரில் புரதம் சொற்பம்தான். அது தொண்டைக்கு இதம், அவ்வளவே. பருப்பை மசித்துச் சாப்பிடலாம் என்ற கட்டம் வந்தபிறகுதான் அதைக் கணக்கில் சேர்க்க முடியும். ஆட்டுக்கால் சூப்பும் அதேபோலத்தான், கொழுப்பும் ஜெலட்டினும்தான் அதிகம்.

மசித்த உணவுக்கு வந்தபோது எனக்குக் கைகொடுத்தவை தயிரில் கரைத்த பாசிப்பருப்பு, ஆவியில் வேகவைத்த முட்டை, காப்பிக்கடையில் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லி வாங்கிய தாவ் ஹுவே (சோயாப் பாலை மெதுவாக உறைய வைத்தது), மீன் சூப்புக் கடையில் பொட்டலம் கட்டி வந்து வீட்டில் மசித்த மீன். கஞ்சியும் இட்லியும் எளிதாகத்தான் இறங்கும், ஆனால் அந்தச் சின்ன இடத்தை அரிசியே அடைத்துக்கொள்ளும். புரதத்தை முதலில் சாப்பிட்டுவிட்டு, இடம் இருந்தால் இட்லி. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி இடைவெளி விடச் சொல்வார்கள்.

எங்கள் அம்மா பத்தியச் சாப்பாடு செய்துதருவேன் என்கிறார். என்ன சொல்ல?

மறுக்காதீர்கள், மாற்றிக் கேளுங்கள். எங்கள் மாமியாரும் அப்படித்தான் கிளம்பினார். சுறா புட்டு, பூண்டுக் குழம்பு, நல்லெண்ணெய் என்று பிள்ளை பெற்றவளுக்குச் செய்வதுபோல் செய்ய ஆசை. விரால் மீன் சூப் குடித்தால் காயம் சீக்கிரம் ஆறும் என்று பக்கத்து வீட்டுச் சீன அத்தையும் சொன்னார். மனசு புரிகிறது, இல்லையா? நான் மாமியாரையே உணவு ஆலோசகரைப் பார்க்கும் நாளில் கூட்டிக்கொண்டு போனேன். எந்த வாரம் என்ன என்று எழுதியிருந்த தாளை வாங்கிக் குளிர்பெட்டியில் ஒட்டினார். அன்றிலிருந்து அவர்தான் எனக்குக் காவல். அதே விரால் மீனை மூன்றாவது வாரம் முள்ளில்லாமல் எடுத்து, சூப்பிலேயே மசித்துக் கொடுத்தார். அதைவிட ருசியாக அந்த மாதம் நான் எதையும் சாப்பிடவில்லை.

ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள். நாட்டு மருந்து, லேகியம், சூரணம் எதுவாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டாமல் வேண்டாம். காயத்தின் மேல் மஞ்சளோ தேங்காய் எண்ணெயோ தடவ வேண்டாம்.

இன்னொன்று, முதல் வாரத்தில் தாளிப்பு வாசனையே சிலருக்குக் குமட்டும். சமைக்கும் நேரத்தில் அறைக் கதவைச் சாத்தி, சன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.

படுக்க என்ன வேண்டும்? ரிக்ளைனர் நாற்காலி வாங்கலாமா?

இதற்காகவே நாற்காலி வாங்கத் தேவையில்லை. முக்கோணச் சாய்வுத் தலையணை ஒன்று போதும், அது இல்லாவிட்டால் கெட்டியான தலையணை மூன்றைப் படிபோல் அடுக்கி, முழங்காலுக்கு அடியில் ஒன்று வையுங்கள். முதுகு சாய்வாக இருந்தால் நெஞ்செரிச்சல் குறையும், மூச்சும் எளிதாக வரும். தட்டையாகப் படுத்து எழும்போதுதான் வயிற்றுத் தசை இழுக்கும். எழும்போது முதலில் ஒருக்களித்து, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள். தரையில் பாய் விரித்துப் படுக்கும் பழக்கம் உள்ளவர்கள் ஒரு மாதத்துக்காவது கட்டிலுக்கு மாறுவது நல்லது.

சின்னத் தலையணை ஒன்றும் தனியாக வேண்டும். இருமும்போதும் தும்மும்போதும் வயிற்றோடு அதை அணைத்துப் பிடித்தால் வலி பாதி குறையும். வீடு திரும்பும் டாக்சியில் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே அதையே வைத்துக்கொள்ளலாம். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதற்காகக் கருவி மாட்டிக்கொள்பவர்கள் அதை மருத்துவமனைக்கும் எடுத்துப்போக வேண்டும்.

வயிற்றில் அறுவை செய்தால் தோள் ஏன் வலிக்கிறது?

சிறு துளைகள் வழியாகச் செய்யும் அறுவையில், இடம் கிடைப்பதற்காக வயிற்றுக்குள் கரியமில வாயுவை நிரப்புவார்கள். முடிந்ததும் வெளியேற்றினாலும் கொஞ்சம் தங்கிவிடும். அது உதரவிதானத்தை உறுத்தும். அந்த இடத்து நரம்பும் தோளுக்குப் போகும் நரம்பும் கழுத்தில் ஒரே பகுதியிலிருந்து கிளம்புவதால், மூளைக்கு அது தோள் வலியாகத் தெரிகிறது. சில நாளில் போய்விடும். எனக்குத் துளை போட்ட இடங்களைவிட இதுதான் படுத்தியது, யாரும் முன்பே சொல்லாததால் பயந்தும் போனேன். சுடுநீர்ப் பையைத் துணியில் சுற்றித் தோளில் வைத்தால் இதமாக இருக்கும். வயிற்றுக் காயத்தின் மேல் வைக்க வேண்டாம். எல்லாவற்றையும்விட நடைதான் மருந்து.

எங்கே நடப்பது? வெளியே வெயில் கொளுத்துகிறதே.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. முதல் நாட்களில் வீட்டுக்குள் கூடத்திலிருந்து சமையலறைக்கு, பிறகு வாசலுக்கு வெளியே பொது நடைபாதையில், அப்புறம் மின்தூக்கியில் இறங்கி புளோக்கின் கீழ்த்தளத்தில். நிழல், காற்று, உட்காரக் கல் மேசை எல்லாம் இருக்கிறது. ஒரே மூச்சில் அரை மணி வேண்டாம், விழித்திருக்கும்போது மணிக்கு ஐந்து நிமிடம் போதும். காலில் இரத்தம் உறையாமல் இருக்க இந்த நடை அவசியம். வழுக்காத, குனியாமல் மாட்டக்கூடிய செருப்பு வைத்துக்கொள்ளுங்கள். இதற்காகவே மருத்துவமனையில் இறுக்கமான காலுறை கொடுத்திருந்தால் சொன்ன நாள்வரை போடுங்கள். சிலருக்கு வீட்டிலேயே போட்டுக்கொள்ள ஊசி கொடுத்தனுப்புவார்கள், பயன்படுத்திய ஊசியைப் போட மூடியுள்ள கெட்டியான டப்பா ஒன்றை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று பந்து வைத்த மூச்சுப் பயிற்சிக் கருவி கொடுத்தால் அதையும் கையெட்டும் மேசையில் வையுங்கள்.

எந்த உடை வசதி?

தளர்வான பருத்தி நைட்டி. ஆண்களுக்குக் கைலி, ஆனால் முடிச்சு துளை போட்ட இடத்தில் அழுத்தாமல் கட்ட வேண்டும். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை நல்லது. இறுக்கமான இலாஸ்டிக் எதுவும் வேண்டாம். சின்ன அளவில் புது உடை இப்போதே வாங்கி வைக்காதீர்கள், எடை மாதாமாதம் மாறும்.

வயிற்றுப் பெல்ட் வாங்கலாமா?

மருத்துவர் சொன்னால் மட்டும்.

மருந்துப் பெட்டியில் என்னென்ன?

முதலில், அதிலிருந்து எடுத்துவிட வேண்டியவை. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபெனாமிக் அமிலம் வகை வலி மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கும். பைபாஸ் செய்தவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். மாதவிலக்கு வலிக்கு நாம் எடுக்கும் பொன்ஸ்டன், காய்ச்சலுக்குக் கொடுக்கும் நியூரோஃபென், மூட்டு வலிக்கு அப்பா வைத்திருக்கும் வோல்டரன் எல்லாம் இந்தக் குடும்பம்தான். தலைவலி வந்த வேகத்தில் கை தவறி எடுத்துவிடாமல் இருக்க வேறு அலமாரிக்கு மாற்றிவிடுங்கள். பாரசிட்டமால் எடுக்கலாம், கொடுத்த அளவைத் தாண்டாமல். சளி மாத்திரை, பொடிகள் சிலவற்றிலும் பாரசிட்டமால் கலந்திருக்கும், அதையும் இதையும் சேர்த்து எடுத்துவிடக் கூடாது.

நீரிழிவு, இரத்தக் கொதிப்பு மாத்திரைகளின் அளவு அறுவைக்குப் பிறகு சட்டென்று குறையலாம். பழைய அளவையே தொடர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அதனால் வீடு திரும்பும் முன் "எதை நிறுத்த, எதைக் குறைக்க" என்று எழுதி வாங்குங்கள். வீட்டில் சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவிகளின் பேட்டரியையும் பட்டையையும் சரிபார்த்து வையுங்கள். பெரிய மாத்திரையைப் பொடிக்கலாமா என்று மருந்தாளரிடம் கேட்காமல் பொடிக்காதீர்கள், மெல்லக் கரையும்படி செய்த மாத்திரைகளைப் பொடித்தால் மருந்து மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

வைட்டமின்கள் வாழ்நாள் முழுக்க. பல வைட்டமின் மாத்திரை, பி12, கால்சியம், டி, இரும்புச் சத்து என்று எழுதித் தருவார்கள். இரும்பும் கால்சியமும் ஒன்றையொன்று தடுக்கும், இரண்டு மணி நேரமாவது தள்ளி எடுக்க வேண்டும். இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்கக் கூடாது. காலை, மதியம், இரவு என்று அறை பிரித்த மாத்திரைப் பெட்டி சில வெள்ளிக்கே கிடைக்கும், இந்தப் பட்டியலிலேயே மலிவான, நீண்ட நாள் உழைக்கும் பொருள் அதுதான்.

குளியலறைக்கு?

வழுக்காத விரிப்பு, உட்கார்ந்து குளிக்க பிளாஸ்டிக் ஸ்டூல். முதல் சில நாள் தலைசுற்றல் வரும், வெந்நீரில் நின்று குளித்தால் இன்னும் கூடும். மலச்சிக்கல் பலருக்கும் வரும். திரவம் மட்டும் குடிப்பதாலும் வலி மருந்தாலும் அப்படி ஆகிறது. முக்காதீர்கள், லாக்டுலோஸ் போன்ற மருந்தை மருத்துவமனையிலேயே கேட்டு வாங்கி வையுங்கள்.

வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. தனியாகச் சமாளிக்க முடியுமா?

முதல் வாரம் ஒரு பெரியவர் கூட இருந்தே ஆக வேண்டும். நான்கு முதல் ஆறு வாரம் கனமானது எதையும் தூக்கக் கூடாது. ஃபேர்பிரைஸில் வாங்கும் 5 கிலோ அரிசிப் பையை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குழந்தை அதைவிடக் கனம்தானே? என் மகளுக்கு அப்போது மூன்று வயது. "அம்மா தூக்க மாட்டேன், நீ ஏறி வா" என்று சோபாவுக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு குட்டி ஸ்டூல் போட்டோம். அவளே ஏறி வந்து அருகில் உட்காருவாள். அறுவைக்கு ஒரு வாரம் முன்பே அதைப் பழக்கியதால் அழுகை இல்லை. அரிசி, எண்ணெய், டயாப்பர் எல்லாம் முன்கூட்டியே வீட்டுக்கு வரவழைத்து இடுப்பு உயர அலமாரியில் அடுக்குங்கள்.

வேலைக்கு எத்தனை நாள் விடுப்பு?

உட்கார்ந்து பார்க்கும் வேலையென்றால் இரண்டிலிருந்து நான்கு வாரம், உடலுழைப்பு என்றால் இன்னும் அதிகம். வேலை நியமனச் சட்டப்படி ஆறு மாதம் வேலை பார்த்தவர்களுக்கு ஆண்டுக்கு 60 நாள்வரை மருத்துவமனை விடுப்பு உண்டு. சாதாரண மருத்துவ விடுப்பின் 14 நாளும் அந்த 60-க்குள் அடக்கம். எந்த அறுவை என்று அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

தைப்பூசத்துக்குப் பால்குடம் நேர்ந்திருக்கிறேன். விரதம் இருக்கலாமா?

இந்த வருடம் வேண்டாம் என்று மனதாரச் சொல்கிறேன். தண்ணீர் குறைந்தால் முதல் மாதங்களில் நேரே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டியிருக்கும். வேறொருவர் உங்களுக்காக எடுக்கட்டும், அல்லது அடுத்த வருடத்துக்குத் தள்ளி வையுங்கள். நோன்பு வைக்கும் முஸ்லிம் அன்பர்களும் மருத்துவரையும் பள்ளிவாசலில் அறிந்தவரையும் கேட்டு முடிவெடுங்கள்.

மூன்றாம் நாள் அழுகையாக வந்தது, ஏன் செய்தோம் என்று தோன்றியது. எனக்கு மட்டும்தானா?

இல்லை. எனக்கும் வந்தது, சித்தி மகளுக்கும் வந்தது. பசி இல்லை, ஆனால் வீட்டில் மீன் குழம்பு வாசனை. நம் வாழ்க்கையில் சாப்பாடுதானே ஆறுதல், விருந்து, உறவு எல்லாம்? அந்த இடம் திடீரென்று காலியாகிறது. அதற்கும் பொருள் எடுத்து வைக்கலாம். பூத்தையல், பாட்டு, பிடித்த நாடகத் தொடர், அதைவிட, இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டால் எடுக்கக்கூடிய ஒருவர். யார் அந்த ஒருவர் என்று அறுவைக்கு முன்பே பேசி வையுங்கள். இரண்டு மூன்று வாரம் தாண்டியும் மனபாரம் குறையாமல் இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அதற்கும் அங்கே ஆள் இருக்கிறார்கள்.

எப்போது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

காய்ச்சல், நிமிடத்துக்கு 120-ஐ ஒட்டி ஓடும் நாடித் துடிப்பு, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, எதைக் குடித்தாலும் வாந்தி, சிறுநீர் கறுத்துக் குறைவது, காயம் சிவந்து சீழ் வைப்பது, ஒரு காலில் மட்டும் ஆடுசதை வீங்கி வலிப்பது. இவற்றில் எது வந்தாலும் காலைவரை காத்திருக்காதீர்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் 995. மருத்துவமனை கொடுத்த அவசர எண்ணையும் அறுவையின் பெயரையும் தேதியையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி, அந்தப் பத்தியத் தாளுக்குப் பக்கத்தில் குளிர்பெட்டியில் ஒட்டுங்கள். பணிப்பெண் இருந்தால் அவருக்குப் புரியும் மொழியிலும் எழுதுங்கள். ஆம்புலன்சில் ஏறும்போது உங்களால் பேச முடியாமல் இருக்கலாம்.

பொருள்களை இரவல் வாங்கலாமா?

தாராளமாக. என் சாய்வுத் தலையணை ஈசூனிலிருந்து உட்லண்ட்ஸ் போய், இப்போது தெம்பனிசில் மூன்றாவது வீட்டில் இருக்கிறது. உறையை மட்டும் துவைத்துக் கொடுக்கச் சொல்கிறேன். குளியல் ஸ்டூல், ஃபிளாஸ்க், சுடுநீர்ப் பை எல்லாம் அப்படியே கைமாறலாம். காலுறையை இரவல் வாங்காதீர்கள், அது காலை அளந்து தருவது. மூச்சுப் பயிற்சிக் கருவி ஒருவருக்கு ஒன்றுதான். மிச்சம் இருக்கிறது என்று யாராவது மாத்திரை கொடுத்தால் வாங்க வேண்டாம்.